பாகவதர் பாட்டில் ஓர் அரைத் தட்டு

குழித்துறையில் ஒரு பாண்டு செட்டில் நான் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். அதில் இருபத்தாறு வருஷம் பாண்டுக்கு இசை நோட்டு எழுதினேன். இப்போதுள்ள பாண்டுக்காரர்கள் பலருக்கு அப்படி ஒரு வேலை இருந்தது என்பதே தெரியாது. ஒருவன் வாசிக்கிறான், மற்றவர்கள் காதால் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறார்கள். போன மாதம் எங்கள் தெரு வழியாக ஒரு கல்யாண ஊர்வலம் போயிற்று. பாண்டில் பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேரும் ஒரே சுரத்தை ஒரே உயரத்தில் ஊதினார்கள். அதிலும் மூன்று பேர் வாத்தியத்தைச் சும்மா உதட்டில் வைத்திருந்தார்கள். வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன். வலது கையில் இரண்டு விரல் நடுங்க ஆரம்பித்துவிட்டன. மற்ற மூன்று விரலும் சேருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் அருமனைப் பக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் படித்தேன். அங்கே சர்ச்சில் பாடுகிற கோயர் பாட்டுக்காக ஐந்து கோடு போட்டு நோட்டு எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டார் அய்யாவழிக்காரர்கள். பள்ளிக்கூடத்துப் பாட்டு வேண்டும், மதம் வேண்டாம் என்று என் அப்பா தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். பிறகு இரண்டு வருஷம் கிளாரினெட். அதன் பிறகு பாண்டு. படிப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

பாண்டு மாஸ்டர் பெயர் ஏசுவடியான். பட்டாளத்து பாண்டில் பதினைந்து வருஷம் கார்னெட் வாசித்துவிட்டு வந்தவர். குட்டையான ஆள், நெஞ்சு மட்டும் பெரிது. ஒத்திகைக்கு வரும்போது அவர் பார்ப்பது எங்கள் வாத்தியத்தை அல்ல, செருப்பை. பதினாலு பேரும் செருப்பை ஆற்றங்கரை மணலில் ஒரே வரிசையில் கழற்றி வைக்க வேண்டும். கோணலாக இருந்தால், "செருப்ப நேர வைக்கத் தெரியாதவனுக்கு சுரத்த நேர வைக்கத் தெரியுமாலே?" என்பார். சத்தம் போடமாட்டார். தப்பு வாசித்தவன் பக்கத்தில் போய் நின்று, அவனுடைய புத்தகத்தில் விரலை வைத்து, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை நான் எண்ணினேன்: முப்பத்திரண்டு எண்ணும்வரை பார்த்தார். அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

அப்போது எங்கள் கையில் இருந்தவை எல்லாம் இங்கிலீஷ் மார்ச்சு, வால்ட்ஸ், கொஞ்சம் ஞானப்பாட்டு. கொல்லம் ஆயிரத்து நூற்று நாலாம் ஆண்டு, அதாவது இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு வாக்கில், கிழக்கே நாஞ்சில்நாட்டுப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் பேச வந்தவர்கள், "எங்க ஊரு பாகவதருக்க பாட்டு ஒண்ணு பாண்டில வருமா?" என்று கேட்டார்கள். அந்த ஊரின் பெயரை நான் எழுதவில்லை. அந்தப் பாகவதரின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பாகவதரின் பெயர் தாணு பாகவதர். அதற்கு இருபது வருஷம் முன்பே காலமாகிவிட்டார். அந்த ஊர்க் கோவிலில் சாயங்கால தீபத்துக்கு அவர் ஒரு கிருதி செய்து வைத்திருந்தார். தோடி ராகம், ஆதி தாளம். தீபத்தின்போது மட்டும்தான் பாட வேண்டும், வேறெங்கும் பாடக்கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. வாத்தியத்தில் வாசிப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவருடைய மகன் மாதேவன் பிள்ளையும் தம்பிமாரும் பாடிவந்தார்கள். சுரம் எழுதித் தரக் கேட்டு மாஸ்டர் இரண்டு கடிதம் போட்டார். பதில் இல்லை.

"லே சுயம்பு, நீ போய் கேட்டு எழுதிட்டு வா" என்றார் மாஸ்டர்.

"கோவிலுக்குள்ள நம்மள விடமாட்டாவ, மாஸ்டர்."

"வெளிய நிண்ணு கேளு. காதுக்கு வாசல் உண்டா?"

அந்தக் காலத்தில்தான் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எங்கள் சாதி ஆட்கள் நடக்கலாம் என்று ஆகியிருந்தது. வாசல்படிக்கு மேலே கிடையாது. அதனால் கிழக்கு வாசலுக்கு வெளியே, படிக்குக் கீழே, ஒரு கல்தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். சாயங்காலம் தீபம் தொடங்கும்போது உள்ளே நாலு பேர் பாடுவார்கள். மிருதங்கம் கிடையாது. சேங்கிலை மட்டும். வெண்கலத் தகட்டை மரக்கோலால் அடிப்பது. அதைப் பாடுகிறவர்கள் பக்கத்தில் அடித்தால் காது அடைத்துவிடும் என்பதாலும், தீபம் தொடங்கியது தெருவுக்குத் தெரிய வேண்டும் என்பதாலும், வாசல் மண்டபத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அடிப்பவர் கொச்சு மாரார் என்ற கிழவர். உள்ளே மாதேவன் பிள்ளை கையில் ஒரு வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டு தாளம் போடுவார். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கை இறங்குவதை நீளமான நடைவழியாகப் பார்த்து மாரார் அடிப்பார். நான் நின்ற இடத்திலிருந்து உள்ளே ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. சேங்கிலை ஆறு தப்படி தூரத்தில் கணீரென்று கேட்கும். பாட்டு உள்ளேயிருந்து மெல்லியதாக, ஆனால் ஒவ்வொரு சுரமும் தெளிவாக வரும்.

பதினொரு சாயங்காலம் நின்றேன். இடது கை விரல்களால் சேங்கிலையை எண்ணுவேன், வலது கையால் எழுதுவேன். முதல் நாள் தாளம் மட்டும். இரண்டாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு நாலு வரி சுரம். மாரார் என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டே அடிப்பார்.

"எழுதி எழுதி பாட்ட மொத்தமா கொண்டுபோயிருவியா பிள்ளே? எனக்கு நாளைக்கு அடிக்கக் கொஞ்சம் மிச்சம் வை."

"உமக்க சத்தத்தில பாதி பாட்டு எனக்குக் கேக்கல்ல, மாராரே."

"அப்ப பாதிதாம் எழுதியிருக்கியா? நல்லது."

அந்தப் பாட்டின் தொடக்கம் என்னை மயக்கிவிட்டது. ஒன்று என்று சேங்கிலை விழும். பாட்டு உடனே வராது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நட்டநடுவில், அரைத் தட்டு கழித்து வரும். தொடக்கத்தில் மட்டுமல்ல, கடைசிவரை எல்லாச் சொல்லும் அப்படியே தட்டுக்கு அரை பிந்தி விழும். கர்நாடக சங்கீதத்தில் அரை இடம் தள்ளி எடுப்பது புதிதல்ல. ஆனால் பாட்டு முழுவதும் இப்படி ஒரு பிடிவாதத்தோடு பிந்தி வருவதை நான் கேட்டதில்லை. தெய்வத்தின் முன்னால் போகத் தயங்குகிறவன் நடை மாதிரி இருக்கிறது, பாகவதர் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன். பதினொரு நாளும் அந்த அரையைச் சரிபார்த்தேன். ஒரு நாளும் மாறவில்லை.

எழுதிய விதத்தைச் சொல்ல வேண்டும். பதினாலு பேருக்குப் பதினாலு புத்தகம். கிளாரினெட் நாலு, கார்னெட் மூன்று, ஆல்டோ கொம்பு இரண்டு, டிராம்போன், யூஃபோனியம், பாஸ், சிறிய டிரம், பெரிய டிரம் ஒவ்வொன்று. எல்லோரும் ஒரே சுரத்தை வாசிக்க வேண்டுமென்றாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுத முடியாது. கிளாரினெட்டில் எழுதியதைவிட ஒரு சுரம் கீழே கேட்கும், அதனால் ஒரு சுரம் ஏற்றி எழுத வேண்டும். ஆல்டோவுக்கு வேறு கணக்கு. பள்ளிக்கூடப் பழக்கத்தில் நான் முதலில் ஒவ்வொரு வரிக்கும் நாலு குரல் சேர்த்து எழுதிக் கொண்டுபோனேன். மாஸ்டர் அதை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இதென்னலே, தோடிக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டியா?"

மொத்தத்தையும் கிழித்தேன். ராகத்தில் இல்லாத சுரம் ஒன்றுகூட எந்தப் புத்தகத்திலும் இருக்கக்கூடாது என்று அவர் வைத்த சட்டத்தை அதன் பிறகு நான் மீறியதில்லை. பாஸும் யூஃபோனியமும் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கும். தோடியின் காந்தாரம் ஆடாமல் நிற்காது. மூன்று பித்தான் வைத்த கார்னெட்டில் அது ஆடாது. இதற்கு மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். கார்னெட் அந்தச் சுரத்தை நேராகப் பிடிக்கும். இரண்டாவது கிளாரினெட் உதட்டைத் தளர்த்தியும் இறுக்கியும் அதே சுரத்தை மேலும் கீழும் ஆட்டும். தூரத்தில் நின்று கேட்டால் ஒரே வாத்தியம் ஆடுவது மாதிரி இருக்கும். மூச்சுக்கும் அப்படித்தான். பாட்டில் மிக நீளமான வரி முப்பத்திரண்டு தட்டு. மூச்சு விடும் இடங்களைச் சிவப்புப் பென்சிலால் குறித்தோம். எந்த இரண்டு பேரும் ஒரே இடத்தில் மூச்சு எடுக்கக்கூடாது. நான் பட்டியல் போட்டேன். இருபத்துமூன்று இடம்.

வேகம் நிமிஷத்துக்கு எண்பது தட்டு. தட்டுக்கு ஓர் அடி நடக்க வேண்டும். இங்கேதான் கஷ்டம். பாண்டுக்காரனுக்கு இடது கால் விழும்போது சுரம் விழ வேண்டும் என்று உடம்பே பழகியிருக்கும். இதில் கால் விழுந்து, அரைத் தட்டு காலியாகப் போய், அதன் பிறகு சுரம் வர வேண்டும். பெரிய டிரம் கோட்டாற்று மீரான். என் வயதுக்காரன். முதல் ஒத்திகையிலேயே கோலைக் கீழே வைத்துவிட்டான்.

"மக்கா சுயம்பு, நான் கதவத் தட்டுகேன். நீங்க பன்னெண்டு பேரும் மெள்ள எழுந்து வந்து தொறக்கேரு. வீட்டுக்காரன் தூங்குகானோ?"

"அதுதாம் பாட்டு."

"உனக்க பாகவதரு நடந்து பாத்திருக்கமாட்டாரு, கேட்டியா."

முப்பத்தெட்டு நாள் மணலில் நடந்தோம். நடை சரியாக வந்த பிறகு அது எங்கள் பாண்டின் அடையாளமாகிவிட்டது. பெரிய டிரம் விழும், ஒரு கணம் தெருவே மூச்சைப் பிடிக்கும், பிறகு கார்னெட்டும் கிளாரினெட்டும் சேர்ந்து எழும். அந்தக் கணத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். திற்பரப்பில் ஒரு கல்யாணத்தில் சமையல்காரர் கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றார். அந்த இரண்டு வருஷமும் நான் தரையில் நடக்கவில்லை என்றே சொல்லலாம்.

முதலில் கேட்டவர்கள் வீட்டுக் கல்யாணம் பெண்ணின் ஊரில் நடந்தது. மூன்றாம் வருஷம்தான் அந்தப் பாகவதர் ஊரிலேயே ஒரு கல்யாணம். ஊர்வலம் வடக்குத் தெருவில் திரும்பியபோது மாதேவன் பிள்ளை நடுவழியில் வந்து நின்று கையை உயர்த்தினார். உயரமான மனிதர், மேலே ஒரு துண்டு மட்டும். பாண்டு நின்றது. மாப்பிள்ளை வண்டியும் நின்றது.

"இது ஆரு எழுதினது?"

மாஸ்டர் என்னைக் காட்டினார். பிள்ளை என்னைப் பார்க்கவில்லை, மாஸ்டரிடமே பேசினார்.

"எங்க அப்பாவுக்க பாட்டு தட்டுல விழுகது ஓய். உம்ம ஆளு அத முடமாக்கிப் போட்டிருக்கான். காலு ஒரு பக்கம் போவுது, பாட்டு ஒரு பக்கம் நொண்டுகு. இத இனி எந்தத் தெருவிலயும் வாசிக்கப்பிடாது."

மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "லே, எண்ணினியா?"

"எண்ணினேன் மாஸ்டர். பதினோரு நாளு."

"அரை உண்டா?"

"உண்டு. பதினோரு நாளும் உண்டு."

மாஸ்டர் அவரிடம் திரும்பினார். "எனக்க ஆளு எண்ணினா எண்ணினதுதாம். உமக்கு உள்ள நிண்ணு பாடிப் பாடி தாளம் மறந்துபோச்சி போல."

நூறு பேர் கேட்க இதைச் சொன்னார். ஒரு வார்த்தை பணிந்து பேசியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். பேசமாட்டார், ஏனென்றால் நான் சத்தியம் செய்கிற மாதிரி சொல்லியிருந்தேன். அதோடு கிழக்குப் பக்கம் எங்களை யாரும் கூப்பிடவில்லை. பாகவதர் பாட்டைக் கெடுத்த பாண்டு என்று பெயர் வந்தது. எங்கள் முதல் கார்னெட்காரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வேறு செட்டுக்குப் போனார். மாஸ்டர் வெளியிலிருந்து ஆள் பிடித்துப் பழக்கினார். பாட்டை மட்டும் விடவில்லை. மேற்கே போகிற இடமெல்லாம் அந்த அரைத் தட்டோடு அதை வாசித்தோம். என்னை ஒரு நாளும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மறுபடியும் எண்ணிப் பார்த்திருப்பேனோ என்னவோ.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. மாஸ்டருக்கு இளைப்பு வந்து, கார்னெட்டைத் தொட முடியாமல் ஆனது. நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டுவார். கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் மகாராஜாவின் உத்தரவால் கோவில்கள் எங்களுக்கும் திறந்துவிடப்பட்டன. முதல் நாள் கூட்டத்தில் இடிபட எனக்கு விருப்பமில்லை. பத்தொன்பது நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தனியாகப் போனேன். சாமி கும்பிடப் போனேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. என் அரைத் தட்டைப் பக்கத்தில் நின்று கேட்கப் போனேன்.

கொச்சு மாரார் இன்னும் அதே இடத்தில் இருந்தார். என்னைப் பார்த்து, "எழுத்துக்காரன் படி ஏறிட்டானே" என்றார். அவரைத் தாண்டி உள்ளே நடந்தேன். வழக்கம்போல எண்ணிக்கொண்டே போனேன். சேங்கிலையிலிருந்து பாடுகிற மண்டபத்துக்கு நூற்றறுபத்தெட்டுத் தப்படி.

மாதேவன் பிள்ளையின் கை இறங்கியது. பாட்டு அந்தக் கையோடு சேர்ந்து விழுந்தது. அரை இல்லை. அதன் பிறகு, கை இறங்கிய பிறகு, வாசலிலிருந்து சேங்கிலைச் சத்தம் வந்தது.

முதலில் எனக்கு ஆத்திரம் வந்தது. பாட்டை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு, மாரார் கிழவராகிவிட்டார், பிந்தி அடிக்கிறார் என்று நினைத்தேன். அதைப் பார்த்துவிடலாம் என்று வாசலை நோக்கித் திரும்பி நடந்தேன். நடக்க நடக்க சேங்கிலை முன்னால் வந்துகொண்டே இருந்தது. எண்பத்துநாலாவது தப்படியில் இரண்டும் ஒன்றாகக் கேட்டன. இன்னும் நடந்தேன். இப்போது சேங்கிலை முந்தியது, பாட்டு பிந்தியது. மாராரின் பக்கத்தில் வந்தபோது நான் எழுதிய அதே அரைத் தட்டு, கூடாமல் குறையாமல், அங்கே இருந்தது. மறுபடி உள்ளே போனேன். மறுபடி வெளியே வந்தேன். மூன்று முறை. ஒரு பெண்பிள்ளை தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனாள்.

குழித்துறை ஆற்றில் அக்கரையில் துணி துவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். துணி கல்லில் விழுவது கண்ணுக்குத் தெரியும். சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் ஆற்றைக் கடந்து வரும். மாரார் மாதேவன் பிள்ளையின் கையைக் கண்ணால் பார்த்து அடித்தார், அதனால் அவர் பிந்தவில்லை. பாட்டுக்கு நூற்றறுபத்தெட்டுத் தப்படி நடந்து என்னிடம் வர வேண்டியிருந்தது. அந்த நடைக்கு ஆகிற நேரம் அரைத் தட்டு. அதைத்தான் நான் பாகவதரின் மேதைமை என்று பதினாலு புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். அதற்காகத்தான் மாஸ்டர் நூறு பேர் முன்னால் தன் பெயரைப் பணயம் வைத்தார்.

மறுநாள் காலை மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கார்னெட்டின் பித்தான்களைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஊத முடியாவிட்டாலும் வாரத்துக்கு ஒருமுறை அதைச் செய்வார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர் மூன்று பித்தானையும் மாட்டி முடித்துவிட்டுக் கேட்டார்.

"எத்தன தப்படி?"

"நூத்தறுபத்தெட்டு."

"ஒரு தடவ எண்ணினியா?"

"போகவும் வரவும். மூணு தடவ."

"அப்ப நீ எண்ணினது தப்பில்ல."

"எண்ணினது தப்பில்ல மாஸ்டர். நிண்ண இடம் தப்பு."

"அந்த இடத்த நீயா எடுத்தே?"

மாஸ்டருக்கு இளைப்பு வந்தது. அடங்கும்வரை காத்திருந்தேன்.

"ஆனாலும் பாகவதரு பண்ணினது தட்டுல விழுகு. நாம பிந்தித்தாம் வாசிச்சோம். அந்த மனுசன் சொன்னது செரி, நான் சொன்னது தப்பு. போய் சொல்லு. நாந்தாம் சொல்லச் சொன்னேன்னு சொல்லு."

"ஆறு வருசம்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"எண்ணாதலே. போ."

அன்று சாயங்காலமே போனேன். தீபம் முடிந்து மாதேவன் பிள்ளை மண்டபத்தில் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். குழித்துறை பாண்டில் நோட்டு எழுதுகிறவன் என்று சொன்னேன்.

"அந்த எண்ணிக்கைக்காரனா?"

"ஆமா. நான் எழுதினது தப்பு. மாஸ்டர் சொல்லச் சொன்னாரு."

"ஆறு வருசம் ஆச்சா உமக்கு எண்ணி முடிக்க?" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. இருக்கத்தானே செய்யும். "எங்க நிண்ணு கேட்டேரு நீரு?"

"கிழக்கு வாசலுக்கு வெளிய. படிக்குக் கீழ."

"அங்க நிண்ணா என்னத்தக் கேக்கும்? நேர இஞ்ச வந்து எனக்க பக்கத்தில இருந்து கேட்டிருக்கப்பிடாதா ஓய்? நான் என்ன..."

பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார். மடித்த துண்டை விரித்தார், மறுபடி மடித்தார். விளக்கைத் துடைக்கிறவன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினான். பிறகு, "நாளைக்கு வாரும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பாட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தீபத்துக்கு முன்னால் என்னோடு வாசலுக்கு நடந்து வந்தார். படி இறங்கினார். எங்கே நின்றேன் என்று கேட்டார். கல்தூணைக் காட்டினேன். அங்கே போய் நின்றார். மாராருக்குக் கை ஓடவில்லை.

"பிள்ளே, தெருவில என்ன வேல? அகத்து ஆரு பாடுகா?"

"நீரு கையப் பாத்து அடியும்" என்றார் மாதேவன் பிள்ளை.

சேங்கிலை விழுந்தது. அரைத் தட்டு கழித்துப் பாட்டு வந்தது. அவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்து, இரண்டாவது தட்டில் நிறுத்திவிட்டார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"எனக்கு வயசு அம்பத்தேழு. இஞ்ச நிண்ணு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. அப்பாவும் கேட்டிருக்கமாட்டாரு."

பன்னிரண்டு நாள் கழித்து மாதேவன் பிள்ளையிடமிருந்து மாஸ்டருக்கு ஒரு கடிதம் வந்தது. தமிழில், நாலே வரி. வருகிற வெள்ளிக்கிழமை தீபத்துக்கு வர வேண்டும், உடம்பு முடியாவிட்டால் வண்டி அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். மாஸ்டர் வண்டி வேண்டாம் என்றார். பஸ்ஸில் போனோம். மாஸ்டர், மீரான், நான். பன்னிரண்டு புத்தகங்களை நான் பையில் எடுத்துக்கொண்டேன். டிரம் புத்தகம் இரண்டிலும் மாற்ற ஒன்றும் இல்லை.

வாசல் மண்டபத்தில் சேங்கிலையைக் காணோம். சங்கிலி தொங்கிய கொக்கி மட்டும் இருந்தது. மாதேவன் பிள்ளை அதை உள்ளே, பாடுகிறவர்கள் பக்கத்தில் கட்டவைத்திருந்தார். மாரார் கோலில் துணி சுற்றிக்கொண்டு உள்ளே போகும்போது என்னிடம் வந்து முறையிட்டார். "எனக்க அப்பன் இஞ்ச நிண்ணு அடிச்சான். இப்ப அகத்து போயி, எல்லாவனுக்கும் காது கிழியுதுன்னு கோலுக்கு உடுப்பு மாட்டியாச்சி. எல்லாம் உன்ன மாதிரி எழுத்துக்காரனாலதாம்."

மாதேவன் பிள்ளை படி இறங்கி வந்தார். மாஸ்டரைப் பார்த்துக் கைகூப்பினார். மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். இரண்டு பேரும் மன்னிப்பு என்று எதுவும் பேசவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று அவர் கேட்டார், கிடைத்தது என்று இவர் சொன்னார். மாஸ்டர் கிறிஸ்தவ வேதக்காரர், மீரான் முஸ்லிம். அவர்கள் இரண்டு பேரும் படிக்குக் கீழேதான் நிற்க வேண்டும். என்னை உள்ளே வரச் சொன்னார்.

"நான் இஞ்ச நிக்கேன்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். மாஸ்டர் கல்தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இளைப்பு அவர் தொண்டையில் விசில் மாதிரிக் கேட்டது. மீரான் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றான். நூற்றறுபத்தெட்டுத் தப்படிக்கு அப்பாலிருந்து சேங்கிலை வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டே பாட்டும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

மாஸ்டரின் கை தொடையில் ஒன்று, இரண்டு என்று விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் அந்தக் கைக்கு அடியில் வந்து விழுந்தது. முப்பத்திரண்டு தட்டுள்ள அந்த நீள வரியில், மூச்சு விடும் இடங்களில் எல்லாம் அவருடைய தோள் லேசாக ஏறி இறங்கியதைப் பார்த்தேன். பாட்டு முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"பிளேடு கொண்டுவந்தியா?"

"உண்டு மாஸ்டர்."

"எத்தன இடம் மாத்தணும்?"

"புஸ்தகத்துக்கு அறுபத்துநாலு. பன்னெண்டு புஸ்தகம். எழுநூத்தறுபத்தெட்டு."

"பஸ் வர எவ்வளவு நேரம்?"

"முக்கா மணிக்கூறு."

"ஒரு புஸ்தகமாவது ஆவும். இரு" என்றார்.

மீரான் தன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கீழ்ப்படியில் விரித்தான். நான் உட்கார்ந்து முதல் கார்னெட் புத்தகத்தைத் திறந்து, முதல் வரியின் தலையில் இருந்த அரைத் தட்டு ஓய்வுக் குறியைச் சுரண்ட ஆரம்பித்தேன். காகிதம் கிழிந்துவிடாமல் மாஸ்டர் மேலிருந்து இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.